நஞ்சில்லாத கீரை, நோயில்லாத கீரைதானா?

முப்பத்து நாலு வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்று, திருமழபாடியில் அப்பா விட்டுப்போன மூணு ஏக்கரில் இயற்கை விவசாயம் ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. ரெண்டு ஏக்கர் நெல். மீதியில் வாழையும், வீட்டுக்குப் பக்கத்துப் பாத்திகளில் கீரை, புதினா, கொத்தமல்லியும். வாரம் ரெண்டு நாள் காலை பஸ்ஸில் திருச்சிக்கு ஒரு மூட்டை கீரைக்கட்டு போகும். நஞ்சில்லாத கீரை என்று நம்பி வாங்குகிற முப்பது நாற்பது குடும்பம் அங்கே இருக்கிறது.

அதில் ஒரு அம்மாவிடமிருந்து சித்திரையில் ஒரு போன். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க பையனுக்கு மஞ்சள் காமாலை. டெஸ்ட்ல ஹெபடைடிஸ் ஏன்னு வந்திருக்கு. டாக்டர் பச்சையா என்னென்ன சாப்பிட்டான்னு கேட்டார். உங்க புதினாவைத்தான் வாரா வாரம் பச்சையா சட்னி அரைக்கிறோம். அதான்..." அதற்கு மேல் அவங்களுக்குச் சொல்ல வரலை. எனக்கும் வரலை.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான், ஒளிப்பானேன். ஒரு சொட்டு பூச்சிமருந்து படாத புதினா. பஞ்சகவ்யம் மட்டும் பார்த்த புதினா. அதைப் போய்ச் சொல்றாங்களே என்று. அன்று சாயங்காலம் நண்பர்களிடம் சொன்னேன். எல்லாரும் ஒரே குரலில், "பையன் எங்கயாவது பானிபூரி தின்னிருப்பான் சார், நீங்க ஏன் கவலைப்படுறீங்க?" என்றார்கள். கேட்க ஆறுதலாக இருந்தது. ராத்திரி படுத்தால் தூக்கம் வரலை. பானிபூரியாகவும் இருக்கலாம், என் புதினாவாகவும் இருக்கலாம். எதுவென்று பார்த்துவிடலாம் என்று விடிகாலையில் பண்ணை நோட்டை எடுத்தேன்.

வங்கியில் சாயங்காலம் கணக்கு இடித்தால் என்ன செய்வோம்? அன்றைய வவுச்சர்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவோம். அன்றைக்குக் கிடைக்காவிட்டால் முந்தைய நாள், அதற்கும் முந்தைய நாள். வித்தியாசம் பத்து ரூபாயானாலும் விடமாட்டோம். காமாலையைத் துப்பறிவதும் அப்படித்தான். ஒரே ஒரு சிக்கல், இங்கே ரொம்ப தூரம் பின்னால் போகணும். இந்தக் கிருமி உடம்புக்குள் போய் நோய் தெரிய 15 நாளிலிருந்து 50 நாள் வரை ஆகும். சராசரி 28 நாள். பையனுக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது ஏப்ரல் 14. அப்படியானால் பிப்ரவரி 23 முதல் மார்ச் 30 வரை அவன் எதைத் தின்றான், எங்கே தண்ணீர் குடித்தான் என்றுதான் பார்க்கணும். நாம் என்ன செய்கிறோம்? கண் மஞ்சளானதும் "நேத்து என்ன சாப்பிட்டே?" என்று கேட்கிறோம். நேற்றைக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

நோட்டைப் புரட்டினேன். எந்தத் தேதியில் எந்தப் பாத்திக்கு எத்தனை லிட்டர் அமிர்தக்கரைசல், எப்போது வேப்பங்கொட்டைக் கரைசல், பக்கத்து வயல்காரர் மருந்தடித்தபோது காற்று எந்தப் பக்கம் அடித்தது, எல்லாம் இருந்தது. சான்றிதழுக்காகக் கருத்தாக எழுதி வைத்த நோட்டு. மார்ச் மாதம் புதினா பறித்தது யார்? இல்லை. எந்தத் தண்ணீரில் அலசினார்கள்? இல்லை. பறித்தவர்களில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருந்ததா? அதற்கு ஒரு பத்தியே கிடையாது. பூச்சிமருந்துக்கு எதிராக அத்தனை பக்கம் எழுதிய நான், மனுஷன் கைக்கு ஒரு வரி ஒதுக்கலை.

வயலுக்குப் போனேன். புதினா பறிக்கிறது மூணு பெண்கள். பத்து வருடமாகப் பழகியவர்கள்தான், ஆனால் இதைக் கேட்க எனக்கு வாய் கூசியது. சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். "வேலை நேரத்துல வெளிய போகணும்னா எங்கம்மா போறீங்க?" மூத்த அம்மா சிரித்துவிட்டது. "என்னங்கய்யா புதுசா கேக்குறீங்க? வாய்க்காக் கரைக்குத்தான். வேற எங்க போறது?"

அந்த வாய்க்காலில்தான் கட்டுக்கட்டிய புதினாவை வாடாமல் இருக்க முக்கி வைக்கிறோம். ஒன்பது வருடமாக.

அப்புறம் பேச்சு பேச்சாகப் போகும்போது இன்னும் ரெண்டு விஷயம் வந்தது. ஒரு பெண்ணின் வீட்டுக்காரருக்கு மாசியில் காமாலை வந்து, பக்கத்து ஊரில் பச்சிலை கொடுப்பவரிடம் மூணு நாள் போய் மருந்து குடித்துச் சரியாகிவிட்டது. இன்னொரு அம்மாவின் பேரனுக்கு, வேலைக்கு வரும்போது கூடவே வந்து வாழையடியில் விளையாடுகிற பிள்ளை, ரெண்டு நாள் காய்ச்சல், வாந்தி. கண் மஞ்சளாகவில்லை. "சூட்டு உடம்புங்கய்யா" என்றது அந்த அம்மா.

இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. என் புதினாதான் காரணமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்லவும் என்னிடம் ஆதாரம் கிடையாது. வங்கியில் இப்படி வவுச்சர் இல்லாமல் ஒரு கணக்கை நான் வைத்திருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள்.

கிருமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்ம கூட்டங்களில் இதைப் பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. காமாலை என்பது நோயின் பெயர் இல்லை, ஈரல் கெட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். ஈரலைத் தாக்கும் வைரஸ்களில் பி, சி ரெண்டும் பெரும்பாலும் ரத்தத்தின் வழியாகப் பரவுபவை. ஏ, ஈ ரெண்டும் மலத்தின் வழியாக வெளியே வந்து, தண்ணீர், கை, உணவு மூலமாக அடுத்தவர் வாய்க்குப் போகிறவை. ஏ வைரஸ் மனிதக் கழிவில் வருவது. நம்ம மாட்டுச் சாணத்திலோ கோமியத்திலோ அது கிடையாது. ஆகவே பஞ்சகவ்யம் தெளித்ததால் காமாலை வந்தது என்று யாராவது சொன்னால் தைரியமாக மறுக்கலாம். (பச்சைச் சாணிக் கரைசலைத் தெளித்துவிட்டு மறுநாளே கீரை பறிப்பதும் தப்புதான். அதில் வருவது வயிற்றுப்போக்குக் கிருமி, அது வேற கணக்கு.)

இந்த நோயின் ரெண்டு குணம் துப்பறிவதைக் கெடுக்கிறது. ஒன்று, கண் மஞ்சளாவதற்கு முந்தைய ஒன்றிரண்டு வாரத்தில்தான் மலத்தில் கிருமி அதிகமாகப் போகும். அப்போது அந்த ஆள் நல்லாத்தான் நடமாடுவார், கீரை பறிப்பார், பந்தியில் பரிமாறுவார். மஞ்சள் தெரிந்து நாம் ஒதுக்கும்போது பாதிக்கு மேல் பரப்பியாச்சு. இரண்டு, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வந்தால் பெரும்பாலும் மஞ்சளே தெரியாது. வாழையடியில் விளையாடிய அந்தப் பேரனுக்கு வந்தது என்னவோ எனக்குத் தெரியாது. ஆனால் இந்த நோய் வந்திருந்தாலும் வெளியே அப்படித்தான் தெரிந்திருக்கும். கைப்பிள்ளை மலம் சுத்தம் என்று நினைத்து வாய்க்காலில் கழுவி விடுகிற பழக்கம் நம் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்க.

"எங்க காலத்துல இதெல்லாம் இல்லையே" என்று என் வயதுக்காரர்கள் கேட்பார்கள். இருந்தது. எல்லாருக்கும் அஞ்சு ஆறு வயதிலேயே வந்து, தெரியாமலே போயிருக்கும். ஒருமுறை வந்தால் ஆயுசுக்கும் திரும்ப வராது. இப்போது குழாய்த்தண்ணீர், கழிப்பறை எல்லாம் ஓரளவு வந்துவிட்டதால் பிள்ளைகள் தப்பித்து வளர்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இருபது, முப்பது வயதில் முதல்முறையாகக் கிருமியைச் சந்திக்கிறார்கள். பெரியவர்களுக்கு வந்தால் முக்கால்வாசிப் பேருக்குக் காமாலையாகவே வரும், சிலருக்கு ஈரல் செயலிழக்கும் வரை போகும். கேரளத்தில் 2024 கோடையில் எர்ணாகுளம் மாவட்டம் வேங்ஙூர் பஞ்சாயத்தில் இதுதான் நடந்தது. பொதுக் குழாய்த் தண்ணீர் வழியாக 200 பேருக்கு மேல் ஹெபடைடிஸ் ஏ வந்து, உயிரிழப்பும் ஆனது. படிப்பிலும் சுகாதாரத்திலும் நாம் அண்ணாந்து பார்க்கிற மாநிலம் அது.

நம் பக்கத்து ஞாபகத்துக்கு இன்னும் பொருத்தமானது டெல்லியில் நடந்தது. 1955 கடைசியில் யமுனையில் வெள்ளம் வந்து வடிந்தபோது ஆற்றின் போக்கு மாறி, நஜஃப்கர் சாக்கடைக் கழிவு எதிர்த்து ஏறி, வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடம் வரை வந்துவிட்டது. அதிகாரிகள் கவனிக்காமல் இல்லை. படிகாரத்தையும் குளோரினையும் கூட்டினார்கள். அதனால் டைபாய்டும் சீதபேதியும் கூடவில்லை. எல்லாரும் தப்பித்தோம் என்று நினைத்தார்கள். சுமார் ஆறு வாரம் கழித்து, கிட்டத்தட்ட 29,300 பேருக்குக் காமாலை. பல வருடம் அதை ஹெபடைடிஸ் ஏ என்றுதான் நினைத்தார்கள். பாதுகாத்து வைத்திருந்த ரத்த மாதிரிகளை 1980ல் சோதித்தபோதுதான் ஏ இல்லை, வேறொரு வைரஸ் என்று தெரிந்தது. இன்றைக்கு அதை ஈ என்கிறோம். ஈ கர்ப்பிணிகளுக்கு மிகவும் ஆபத்து. கடைசி மாதங்களில் வந்தால் நூற்றில் இருபது, இருபத்தைந்து பேர் வரை இறக்கக்கூடும்.

கொள்ளிடக் கரையில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாம் திருச்சிக்குக் கீழே இருக்கிறோம். வெள்ளம் வடிந்த பிறகு வாய்க்கால் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்கிறோம். கரையோர மணல் பூமியில் குழிக்கழிப்பறைக்கும் அடிபம்புக்கும் எத்தனை அடி என்று அளந்து பார்த்தவர் எத்தனை பேர்?

சரி, தண்ணீர் அரசாங்கத்தின் பொறுப்பு, நமக்கென்ன என்று ஒரு இயற்கை விவசாயி கேட்கலாம். அதற்காகத்தான் வெளிநாட்டுக் கதை ரெண்டு. 2003 கடைசியில் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரே உணவகத்தில் சாப்பிட்ட 600 பேருக்கு மேல் ஹெபடைடிஸ் ஏ வந்தது. மூன்று பேர் இறந்தார்கள். சமையல்காரர்மேல்தான் முதலில் எல்லாருக்கும் சந்தேகம் வரும். சாப்பிட்டு நோய் வந்தவர்களையும், அதே இடத்தில் சாப்பிட்டு நோய் வராதவர்களையும் ஒப்பிட்டுக் கேட்டுக்கேட்டுக் கடைசியில் வெங்காயத்தாளில் போய் நின்றார்கள். மெக்ஸிகோவிலிருந்து வந்த வெங்காயத்தாள். உணவகத்தில் அதைக் கட்டுக்கட்டாக ஐஸ் தண்ணீர் வாளியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கட்டாகத் தண்ணீரில் முக்குவது என்ற வரியைப் படித்ததும் எனக்கு என் வாய்க்கால்தான் கண்ணில் வந்தது.

இன்னொன்று நம்மை நேராகவே கேட்கிற கேள்வி. 2013ல் அமெரிக்காவின் பத்து மாநிலங்களில் 160 பேருக்கு மேல் இந்த நோயைக் கொடுத்தது, இயற்கை வேளாண் முத்திரையோடு விற்ற உறைந்த பழக்கலவை. அதில் இருந்த துருக்கி மாதுளை முத்துகள்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 2022ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பரவியது, இயற்கை முறையில் விளைந்த ஸ்ட்ராபெரிப் பழம் வழியாக. ரசாயனம் போடாமல் விளைந்தவை அவை. முத்திரை பொய் இல்லை. ஆனால் அந்த முத்திரை பேசுவது மண்ணைப் பற்றி. பறித்த கையைப் பற்றி அது பேசவில்லை. நம்ம வாடிக்கையாளர் "நஞ்சில்லா உணவு" என்ற பலகையைப் பார்க்கும்போது ரெண்டையும் சேர்த்துத்தான் நம்புகிறார். மற்ற கடைக் கீரையை மூணு தடவை அலசுகிறவர், நம்ம கீரையை ஒரு தடவை அலசிவிட்டுப் பிள்ளைக்குப் பச்சையாகக் கொடுக்கிறார். நம்மை நம்புவதாலேயே அவருக்கு ஆபத்து கூடுகிறது என்றால் அது நம்ம தலையில்தான் விடியும்.

இங்கே ஒரு நிம்மதியும் உண்டு. 85 டிகிரிச் சூட்டில் ஒரு நிமிஷம் இருந்தால் இந்தக் கிருமி செத்துவிடும். கொதித்த தண்ணீர், கடைந்த கீரை, குழம்பு எதிலும் பயம் இல்லை. பயமெல்லாம் பச்சையாகப் போவதில்தான். புதினாச் சட்னி, மேலே தூவுகிற கொத்தமல்லி, வெள்ளரிப் பச்சடி, கரும்புச்சாறு, ஐஸ், நீர்மோர்.

நீர்மோர் என்றதும் நம்ம ஊர்க் கதை ஒன்றைச் சொல்லணும். பங்குனியில் நந்தி கல்யாணத்துக்கு இங்கே வருகிற கூட்டம் உங்களில் பலருக்குத் தெரியும். வைத்தியநாதசுவாமி என்று சாமிக்கே வைத்தியர் பேர். கல்யாணம் ஆகாத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். வெயில் கொளுத்தும். வழியெல்லாம் நீர்மோர், பானகப் பந்தல். நம்ம ஆட்களும் மண்பானையில் பானகம் கரைத்துக் கொடுக்கிறோம், பெருமையோடு. அதில் ஊற்றுகிற தண்ணீர் எங்கிருந்து வந்தது, ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது, கலக்குகிறவர் கை கழுவினாரா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பானையில் கிருமி விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நாலு வாரம் கழித்து சித்திரையில் லால்குடியில் ஒருவருக்கு, அரியலூரில் ஒருவருக்கு, தஞ்சாவூரில் ரெண்டு பேருக்கு, திருச்சியில் ஒரு பையனுக்குக் கண் மஞ்சளாகும். ஒவ்வொரு ஊரிலும் அது ஒற்றைக் காமாலை. திருமழபாடியில் ஒருவருக்கும் வராமல்கூடப் போகலாம். இந்த ஐந்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கிற ஒரு ஆள் இருந்தால்தான் எல்லாம் ஒரே பானையிலிருந்து வந்தது என்று தெரியும்.

அந்தத் தாள் அரசாங்கத்திடம் இருக்கிறது. ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் என்று 2004லேயே ஆரம்பித்தார்கள். கிராம செவிலியர் எழுதி அனுப்பும் பட்டியலில் "நாலு வாரத்துக்குள் வந்த காமாலை" என்று தனி இடமே உண்டு. இப்போது அதெல்லாம் கணினியில் ஏறுகிறது. ஒரே பகுதியில் எண்ணிக்கை கூடினால் மேலே மணி அடிக்கும், ஆள் வந்து தண்ணீர் எடுத்துச் சோதிப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பட்டியலில் பெயர் ஏறணுமே. நம் ஊரில் காமாலை வந்தவர் எங்கே போகிறார்? என் வயல் பெண்ணின் வீட்டுக்காரர் போன இடத்துக்குத்தான். அங்கே நோட்டு கிடையாது. அதே மாதம் அதே பச்சிலைக்காரரிடம் இருபது பேர் வந்திருந்தாலும் வெளியே ஒருத்தருக்கும் தெரியாது.

இதைச் சொன்னால் நம்ம இயக்க நண்பர்களுக்கு முகம் மாறுகிறது. நான் கீழாநெல்லிக்கு எதிரி இல்லை, என் வரப்பிலேயே வளர்கிறது. 1988ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும், நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் சேர்ந்து கீழாநெல்லியைப் பற்றி எழுதிய ஆய்வு லான்செட் இதழில் வந்தபோது பெருமைப்பட்டவன். அது பி வகைக்கான ஆய்வு என்பதும், அப்புறம் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை என்பதும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை. ஏ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே சில வாரங்களில் இறங்கிவிடும். அதனால் இலை கொடுத்தவருக்கும் பேர், மந்திரித்தவருக்கும் பேர், ஒன்றும் செய்யாமல் மோர் குடித்துப் படுத்திருந்தவருக்கும் குணம். சாறு குடிக்க வேண்டும் என்று நினைக்கிறவர், முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்து, பெயரை எழுதிவிட்டு, என்ன குடிக்கப் போகிறோம் என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு அப்புறம் முடிவு செய்யட்டும். கையில் சூடு வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். பேச்சு குழறினாலோ, தூக்கமாகவே கிடந்தாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ, எங்காவது ரத்தம் கசிந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. காமாலை வந்த உடம்புக்குச் சாராயமும், டாக்டரைக் கேட்காமல் போடும் காய்ச்சல் மாத்திரையும் ஆகாது.

பச்சிலை கொடுக்கிறவர்களிடமும் நாம் பேசலாம். அவர்களில் பலர் நம்ம கூட்டத்துக்கு வருகிறவர்கள்தான். மருந்து கொடுப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். வருகிறவரின் ஊர், தெரு, காய்ச்சல் கண்ட நாள் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, வாரம் ஒருமுறை செவிலியம்மாவிடம் காட்டினால் போதும். அந்தத் தேதிகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். வங்கியில் ஒரே நாளில் பத்து கள்ளநோட்டு வந்தால் ஒரே ஆள் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான் என்று அர்த்தம். மாதம் ஒன்று ரெண்டாக வந்தால் ஊருக்குள் கைமாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காமாலையும் அப்படியே. ஒரே வாரத்தில் இருபது பேர் படுத்தால் ஒரு தொட்டி அல்லது ஒரு விருந்து. ஒரு வீட்டில் ஒருவர், ஒரு மாதம் கழித்து அதே வீட்டில் இன்னொருவர் என்றால் கை கழுவுவதில் கோளாறு.

குளோரின் விஷயத்திலும் நமக்குள் ஒரு வீம்பு இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டால் "ரசாயனம்" என்று முகம் சுளிக்கிறோம். ஒரு ஊரில் நம்ம நண்பர் ஒருவரே தொட்டி ஆபரேட்டரிடம் "கம்மியா போடப்பா, வாடை வருது" என்று சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். மண்ணில் ரசாயனம் கொட்டாதே என்று சொல்வதற்கு நமக்கு நூறு காரணம் இருக்கிறது. ஊர்த் தண்ணீரில் மலம் கலந்திருக்கலாம் என்ற இடத்தில் அந்தக் காரணம் எதுவும் செல்லாது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, குழாயில் வரும் நீரில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும் என்கிறது. வைரஸிலிருந்து பாதுகாப்பு வேண்டுமென்றால் 0.5. இதைப் பார்க்க ஒரு சின்னப் பெட்டி போதும், ரெண்டு சொட்டு விட்டால் மஞ்சளாகும், அட்டை நிறத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். மார்ச் 22 கிராம சபையில் தண்ணீர்தானே பேச்சு? தொட்டி கடைசியாக எப்போது கழுவியது, கடைசித் தெருக் குழாயில் குளோரின் எவ்வளவு என்ற ரெண்டு கேள்வியைக் கேளுங்க. குளோரின் பிடிக்காதவர் கொதிக்க வைத்துக் குடிக்கட்டும், ஆட்சேபணை இல்லை. ரெண்டும் வேண்டாம் என்பதுதான் ஆகாது.

மனிதக் கழிவை உரமாக்குவது பற்றியும் சிலர் ஆர்வமாகக் கேட்கிறார்கள். முசிறியில் சுற்றுச்சூழல் கழிப்பறைகளைக் கட்டிக் காட்டிய ஸ்கோப் அமைப்பின் வேலையை நான் மதிக்கிறேன். அங்கே கழிவைத் தனியாக மூடிக் காயவைத்து, மட்கவிட்டுத்தான் எடுக்கிறார்கள். நம்ம ஊர் வெப்பத்துக்கு ஓராண்டு மூடி வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிட்டு வாழைக்குள் திறந்துவிடுகிறார்களே சிலர், அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதைச் செய்துவிட்டு இயற்கை விவசாயம் என்று சொல்லிக்கொள்பவரை நம்ம குழுவில் வைத்திருக்கவே கூடாது என்பது என் கட்சி.

என் பண்ணையில் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். வயல் மூலையில், போரிலிருந்து அறுபது அடி தள்ளி, ரெண்டு குழிக் கழிப்பறை ஒன்று கட்டினேன். முப்பத்தெட்டாயிரம் ரூபாய் ஆனது. வாசலில் குழாய், கயிற்றில் கட்டிய சோப்பு. கையில் தடவுகிற ஆல்கஹால் மருந்து இந்த வைரஸிடம் அவ்வளவாக எடுபடாது, சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான். கீரை, புதினா அலசுவது இப்போது போர்த்தண்ணீரில் மட்டும். அந்தத் தண்ணீரை வருடம் ரெண்டு முறை சோதனைக்குக் கொடுக்கிறேன். வாய்க்காலில் முக்குவது நின்றது. நோட்டில் அறுவடைப் பக்கம் ஒன்று சேர்த்தேன்: தேதி, பாத்தி, பறித்தவர், அலசிய தண்ணீர், யாருக்குப் போனது. ஒரு கட்டுக்கு இவ்வளவு எழுத ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது மூத்த அம்மாவின் பேத்தி, பத்தாவது படிக்கிற பிள்ளை, எழுதிக் கொடுக்கிறது.

கஷ்டமானது கழிப்பறை இல்லை, கூலி. காமாலை வந்தவரோ, வீட்டில் யாருக்காவது வந்திருப்பவரோ கீரைப் பக்கம் வரக்கூடாது என்று சொன்னேன். மூணு பேரும் பேசாமல் நின்றார்கள். எனக்குப் புரிந்தது. வரக்கூடாது என்றால் கூலி போச்சு. கூலி போகும் என்றால் யார் சொல்வார்கள்? மறைத்துவிட்டு வேலைக்கு வருவார்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆகவே, சொன்னால் ரெண்டு வாரம் முழுக்கூலி, வீட்டில் இருந்தாலும் சரி, இலைதழை சம்பந்தமில்லாத வேலை செய்தாலும் சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து வயல்காரர்கள் "பேங்க் பென்ஷன் வருது, நீங்க கொடுப்பீங்க" என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. பென்ஷன் இல்லாத ரெண்டு ஏக்கர்க்காரரால் தனியாக முடியாது. குழுவாக ஆளுக்கு மாதம் ஐம்பது ரூபாய் போட்டு ஒரு நிதி வைத்தால் முடியும் என்று என் கணக்கு சொல்கிறது.

ஹெபடைடிஸ் ஏ வகைக்குத் தடுப்பூசி உண்டு. அரசு அட்டவணையில் இல்லை, தனியாரில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கீரை கையாளுபவர்களுக்குக் குழு செலவில் போடலாமா என்று டாக்டரைக் கேட்டு முடிவு செய்யணும். என் வயதுக்காரர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது, நாமெல்லாம் சின்ன வயதில் வாய்க்கால் தண்ணீரிலேயே அதை வாங்கியாச்சு.

நம்ம பங்கேற்புச் சான்றிதழ்க் குழுவில் இதை வைத்தேன். நோட்டில் அறுவடைப் பக்கம் கட்டாயம், வயலில் கழிப்பறை அல்லது நடந்து போகிற தூரத்தில் ஒன்று கட்டாயம், ரெண்டு வாரக் கூலிக்கு நிதி, இந்த மூன்றும் தீர்மானம். "ஏற்கனவே எழுதுறதுக்கே ஆள் இல்லை" என்றார் ஒருவர். "வெளியே தெரிஞ்சா நம்ம கீரையில் நோய்னு ஆயிடும் சார், பேசாம விடுங்க" என்றார் இன்னொருவர். ரெண்டாவது ஆள் சொன்னதைத்தான் நான் ரொம்ப நாள் யோசித்தேன். இந்தக் கட்டுரையை என் பெயரோடு எழுதலாமா என்ற தயக்கமும் அதனால்தான் வந்தது. போன் செய்த அந்த அம்மாவிடம் நடந்தது எல்லாவற்றையும், வாய்க்கால் உட்பட, சொல்லிவிட்டேன். பையன் தேறிவிட்டான். அவங்க பொறுமையாகக் கேட்டாங்க, கீரை இன்னமும் வாங்குறாங்க. புதினா மட்டும் கேட்பதில்லை.

தீர்மானம் ஓட்டுக்கு வரவில்லை, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஞாயிறு. அறுவடை நோட்டையும், குளோரின் பார்க்கிற பெட்டியையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.